மாற்றுவதா, முதன்முறையாகத் தேர்ந்தெடுப்பதா?

பத்திருபது ஆண்டு வேலை பார்த்தபின் ஒருவர் கல்லூரியில் சேர்ந்தால், அதுவும் இதுவரை செய்ததற்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் படித்தால், "இத்தனை வருஷம் பார்த்தது வீணா?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். செமோர் வட்டாரத்தில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பழைய துறையை அவர் எப்போது தேர்ந்தெடுத்தார்? ஈப்போவுக்கு வடக்கே உள்ள இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் கல்வி அளந்துதான் கொடுக்கப்பட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வந்தது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்ததும் பயிற்று மொழி மாறியது; பலருக்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் போனது; தடுமாறியவர்கள் வழியிலேயே நின்றார்கள். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது லயத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், லாரியோ தொழிற்சாலையோ, கிடைத்த வேலையில் ஏறிக்கொண்டார்கள். அதை அவர்கள் விரும்பி எடுத்த துறை என்று சொல்லி, நாற்பது வயதில் அதை விட்டால் நிலையில்லாத புத்தி என்பது நியாயமே இல்லை.

அந்த ஆண்டுகள் வீணாகவும் வேண்டியதில்லை. மலேசியத் தகுதி முகமையின் 'அப்பெல்' முறை, வேலையிலும் வாழ்விலும் கற்றதைக் கல்வித் தகுதியாக மதிப்பிடுகிறது. இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் சறுக்கியவரும் 20 வயதில் டிப்ளோமாவுக்கும் 21 வயதில் இளங்கலைக்கும் இதன்வழி விண்ணப்பிக்கலாம். தகுதித் தேர்வு எழுத வேண்டும், அனுபவத்தைச் சான்றுகளோடு கோப்பாகத் தர வேண்டும். அனுபவம் படிக்கப்போகும் துறைக்குப் பொருந்தவும் வேண்டும். துறை மாறுகிறவருக்கு இது தடைபோலத் தெரியும். ஆனால் லாரி ஓட்டியவர் சரக்கு எந்த வழியில் எப்போது போனால் நட்டமில்லை என்று ஆண்டுக்கணக்கில் கணித்திருப்பார். சரக்கு நிர்வாகப் படிப்பின் பாதி விஷயம் அதுதான். பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்தவர் குழந்தைக் கல்விக்கு வெளியாள் அல்லர். வேலையின் பெயரை விட்டுவிட்டு, அதற்குள் இருந்த அறிவைப் பார்க்க வேண்டும்.

அப்பெல் குறுக்குவழி என்பார்கள். நுழையும் வாசல்தான் வேறு. உள்ளே போனபின் பாடமும் தேர்வும் எல்லோருக்கும் ஒன்றே. மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களுக்குத் தனி விதிகள் இருப்பதால் எல்லாப் படிப்புக்கும் இவ்வழியில் போய்விட முடியாது என்பதும் உண்மை. வயது போய்விட்டதே என்பது அடுத்த மறுப்பு. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 முதல் 60. முப்பத்தெட்டில் சேர்ந்து, பகுதிநேரமாக ஐந்தாண்டு படித்து, நாற்பத்து மூன்றில் முடிப்பவருக்கு இன்னும் பதினேழு ஆண்டு உழைப்பு இருக்கிறது. பணத்தைப் பற்றிய அச்சம் மட்டும் முழுக்க நியாயமானது. ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்கென எடுக்கலாம். ஆனால் அது முதுமைக்கு வைத்த காசு. ஆகவே ஆசைக்குச் சேர்வதைவிட, பட்டம் எந்த வேலைக்கு இட்டுச் செல்லும் என்று விசாரித்துச் சேர்வதே சரி. மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம், வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் போன்றவை வேலையை விடாமல் படிக்க இடம் தருவதால், மாதச் சம்பளமாவது நிற்காது.

இவற்றையெல்லாம்விட உண்மையான தடை, அனுபவத்தைச் சான்றுகளோடு காட்ட வேண்டிய அந்தக் கோப்புதான். குத்தகையாளரிடம் தினக்கூலிக்கு உழைத்தவரிடம் கடிதம் இருக்காது. குத்தகையாளரே இன்று இருக்கமாட்டார். சேமநிதிப் பதிவு இருந்தால், யாரிடம் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதைச் சொல்லும். என்ன கற்றார் என்பதைச் சொல்லாது. அதை அவரே மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும், அதாவது பள்ளியில் அவரை நிறுத்திய அதே மொழியில். ஊர்த் தமிழ்ப்பள்ளியில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், இரண்டு மூன்று மாலைகளில் அந்தக் கோப்பை எழுதி முடித்துவிடலாம்.