4 ஜி.பி. யந்திரத்தில் ஒரு கல்யாணப் படம்

புனே நகரின் கிழக்கு ஓரத்தில், முலா-முட்டா நதிக்கும் நகர் ரோட்டுக்கும் இடையே, பகலெல்லாம் வெயிலில் மின்னும் கண்ணாடிக் கட்டடங்களைக் கொண்ட ஈயான் ஐ.டி. பார்க்கினால் பெயர் பெற்ற கராடியில், மகனோடு வந்து தங்கிய நாள் முதல் நான் செய்ய நினைத்திருந்த காரியம் ஒன்று உண்டு: 1958-இல் எடுக்கப்பட்டு, பெட்டிக்குள் கிடந்து பழுப்பேறி, மூலையில் பூஞ்சணம் பூத்துவிட்ட என் பெற்றோரின் கல்யாணப் படத்தைக் கணினியில் ஏற்றிச் செம்மைப்படுத்துவது. 6 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள அந்தப் படத்தை ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் வயதானவருக்கு ஓர் உபகாரமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, தம்மிடமிருந்த ஸ்கானரின் மிக உயர்ந்த அமைப்பிலேயே பிரதி எடுத்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

மகன் ஒதுக்கி வைத்திருந்த பழைய மடிக்கணினியில் படம் திறந்தது. மூலப்படம் கெடாதிருக்க அதன்மேல் இன்னொரு படலமாகப் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, பழுப்பு நிறத்தைக் குறைத்து, புள்ளி புள்ளியாகத் தெரிந்த சொரசொரப்பை நீக்க முற்பட்டபோது, அம்மாவின் சேலைக் கரை துலங்கத் தொடங்கிய அதே கணத்தில், போதிய நினைவகம் இல்லையாதலால் வேண்டுகோளை நிறைவேற்ற இயலவில்லை என்ற அறிவிப்பு திரையின் நடுவே வந்து நின்றது.

“அது பழைய மெஷின்ப்பா, நாலு ஜிபிதான் இருக்கு. விட்டுடுங்க, புதுசு ஒண்ணு வாங்கிடலாம்” என்றான் மகன்.

அவன் சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் கணக்கு இல்லை. இத்தகைய அறிவிப்பைக் கண்டதும் யந்திரம் செத்துவிட்டதாகவோ, தமக்கு இது வராது என்றோ தீர்மானித்து விலகிவிடுகிறவர்கள் பலர். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, அந்த அறிவிப்பு பெரும்பாலும் உண்மையையே சொல்கிறது என்பதும், நாம் போட்டுப் பார்க்கவேண்டிய பெருக்கல் ஒன்றை நமக்கு முன்னால் அது போட்டுப் பார்த்துவிட்டது என்பதுமே ஆகும்.

அந்தப் பெருக்கலை நானும் ஒரு காகிதத்தில் போட்டேன். கடைக்காரர் ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் பிரதி எடுத்திருந்தார்; அகலத்தில் 7,200, உயரத்தில் 9,600, ஆக மொத்தம் 6 கோடியே 91 லட்சம் புள்ளிகள். வண்ண ஆழத்தை 48 பிட் என்று வைத்திருந்ததால், ஒவ்வொரு புள்ளிக்கும் 6 பைட் இடம் வேண்டும். ஆகவே, அந்தச் சிறிய படம் கணினியின் நினைவகத்தில் ஏறத்தாழ 415 எம்.பி. இடத்தைப் பிடித்துக்கொண்டது, மேலே நான் வைத்த பிரதிப் படலத்தால் அது 830 ஆயிற்று. இருக்கும் 4 ஜி.பி.யில் விண்டோஸும், நான் மூட மறந்த பிரௌசரும் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்க, எஞ்சியதற்குள் இந்தப் படமும் அதில் நான் செய்த ஒவ்வொரு மாற்றமும் அடங்கவேண்டியிருந்தது.

கைபேசிப் படங்கள் இன்னும் அதிகமாக ஏமாற்றும். கோப்பாகப் பார்த்தால் மூன்று, நான்கு எம்.பி.தான் இருக்கும். ஆனால் ஜேபெக் என்னும் சுருக்கிய கோப்பு வடிவம் அரிசியைப் போன்றது. படியில் அளந்தபோது கொஞ்சமாகத் தெரிந்தது உலையில் வெந்து சோறாகும்போது பானையை நிரப்பிவிடுவது போல, 4,000-க்கு 3,000 புள்ளி உள்ள ஒரு படம் திறந்த மாத்திரத்தில் 36 எம்.பி.யாக விரிகிறது. பானை கொள்ளுமா என்று பார்க்கிறவர்கள் அரிசியின் அளவை அல்ல, சோற்றின் அளவையே கணக்கில் கொள்ளவேண்டும்.

நினைவகம் போதாதபோது வட்டையும் நினைவகம் போலப் பயன்படுத்தும் உபாயம் புதிதன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே, வேகமான சிறு நினைவகத்தையும் மெதுவான உருளை நினைவகத்தையும் ஒன்றேபோல் தோன்றச் செய்யும் ஏற்பாடு இருந்தது. படத் திருத்த மென்பொருள்கள் இதே காரியத்தைத் தமக்கென்று தனியாகவும் செய்துகொள்கின்றன. ஃபோட்டோஷாப்பில் அதற்கு ஸ்கிராட்ச் டிஸ்க் என்று பெயர். ஆகவே ‘நினைவகம் இல்லை’ என்பது வேறு, ‘ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்பது வேறு. இரண்டாவது செய்தி வந்தால் ரேம் எனப்படும் நினைவகத்தை வாங்க ஓடவேண்டியதில்லை, சி டிரைவில் காலி இடம் எவ்வளவு என்று பார்த்தால் போதும். மென்பொருள் இடையில் முறிந்து நின்றுபோகும்போது அழியாமல் தங்கிவிடும் தற்காலிகக் கோப்புகளே சில சமயம் பல ஜி.பி.யை அடைத்துக்கொண்டிருக்கும்.

தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990 பிப்ரவரியில் வெளிவந்தபோது அதில் படலங்கள் இல்லை. அவை 1994-இல்தான் வந்தன. செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய் ரத்து செய்யும் வரலாற்றுப் பட்டியல் 1998-இல் வந்தது. இரண்டும் பெரிய சௌகரியங்கள். இரண்டுக்கும் நினைவகத்தில் விலை உண்டு. சிறு தூரிகையால் ஒரு கறையைத் தொட்டால் தொட்ட பகுதி மட்டுமே வரலாற்றில் பதிவாகிறது. ஆனால் படம் முழுவதையும் மாற்றும் ஒரு வடிகட்டியைப் பிரயோகித்தால் முழுப் படமும் மீண்டும் ஒருமுறை சேமிக்கப்படுகிறது. என் படத்தில் அப்படிப் பத்து முறை செய்தால் அந்த வரலாறு மட்டுமே 4 ஜி.பி.யைத் தாண்டிவிடும். புதிய பதிப்புகளில் அந்தப் பட்டியல் 50 படிகளை வைத்துக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது. சிறிய யந்திரத்தில் அதைப் பத்தாகக் குறைத்துக்கொள்வதைப் போன்ற செலவில்லாத வைத்தியம் வேறு இல்லை. மென்பொருளுக்கு ஒதுக்கும் நினைவகப் பங்கை நூறு சதவீதம் வரை உயர்த்திவிட்டால் நல்லதென்று சிலர் எண்ணுகிறார்கள். அது விண்டோஸின் மூச்சையே அடைத்து யந்திரம் முழுவதையும் மெதுவாக்கும். 32 பிட் விண்டோஸாக இருந்தால் எத்தனை ரேம் வாங்கிப் போட்டாலும் 4 ஜி.பி.க்கு மேற்பட்டது பெரும்பாலும் வீணே.

இன்னொரு பிழையும் அடிக்கடி நேர்வது. ஏதோ ஒரு விண்ணப்பத்துக்கு 600-க்கு 800 புள்ளியில் படம் வேண்டும் என்று, வெட்டும் கருவியில் அந்த எண்களை எழுதுகிறோம்; அலகு புள்ளியாக இல்லாமல் அங்குலமாக இருந்துவிடுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் மென்பொருள் அதைப் பெருக்கினால் 4,320 கோடி புள்ளிகள்! எந்த வட்டும் நிரம்பாமல் என்ன செய்யும்?

ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்பு குறைந்தது 8 ஜி.பி. கேட்கிறது. 4 ஜி.பி.யோடு இருப்பவர்களுக்கு, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் 1995-இல் தொடங்கி, இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதுமானது என்பது என் அபிப்பிராயம். எத்தனை நினைவகம் எடுத்துக்கொள்ளலாம், ரத்து செய்வதற்கு எத்தனை ஒதுக்கலாம் என்று அதன் விருப்பத் தேர்வுகளிலேயே எழுதி வைத்துவிடலாம்.

நான் புதிய யந்திரம் வாங்கவில்லை. அதே கடைக்குத் திரும்பிப் போய், 600 புள்ளி, 24 பிட் என்று சொல்லி மறுபடி பிரதி எடுத்து வந்தேன், 415 எம்.பி. 52 ஆயிற்று, எட்டில் ஒரு பங்கு. அந்த அளவே படத்தை 12-க்கு 16 அங்குலம் வரை பெரிதாக்கி அச்சிடத் தாராளமாகப் போதும். பிரௌசரை மூடினேன், வரலாற்றைப் பத்துப் படிக்குக் குறைத்தேன், சொரசொரப்பை நீக்கி முடித்ததும் படலங்களை ஒன்றாக்கிப் புதுப் பெயரில் சேமித்தேன். இரண்டு மாலைப்பொழுதுகளில் அம்மாவின் சேலைக் கரை முழுவதும் வெளிவந்துவிட்டது. பூஞ்சணம் தின்ற மூலையில் நின்றிருந்தவரின் முகம் மட்டும் வரவில்லை. அது யந்திரத்தின் குறையன்று. படத்தில் இல்லாததை எந்த நினைவகமும் தராது.

ஆகையால் பெட்டியில் பழைய படங்கள் வைத்திருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய கணினி வரட்டும் என்று காத்திராமல், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அவற்றை 600 புள்ளியில் பிரதி எடுத்து வையுங்கள். படத்தின் பின்புறத்தில் யாரேனும் பென்சிலால் பெயர் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.