கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது?

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான், உடுப்புகளுக்கு நடுவே பழைய சாரத்தில் சுற்றி ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். மூலைகள் பிய்ந்து, ஒட்டுநாடா போட்டுக் காப்பாற்றிய பெட்டி. திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு விறாந்தையில் பாயை விரித்து அதைத் திறந்தான். “இதைத் திறந்தா நான் திரும்பப் பத்து வயசுப் பெடியன், மச்சான்” என்றான். உள்ளே இருந்தது ‘ஹீரோ குவெஸ்ட்’, 1989இல் பிரிட்டனில் வெளிவந்த பலகை விளையாட்டு.

அவன் ஒருவனுக்கு மட்டும் வந்த ஏக்கம் இல்லை இது. இந்தப் பெட்டியைச் சிறுவயதில் வைத்திருந்தவர்கள் கேட்டுக் கேட்டு, 2020இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் முன்கூட்டியே பணம் திரட்டி, அடுத்த வருடம் அதை மறுபடியும் வெளியிட்டது. நாற்பது வயது தாண்டியவர்களை ஓர் அட்டைப்பெட்டி இப்படி இழுக்கிறது என்றால் அதற்குள் என்னதான் இருக்கிறது?

பலகையில் 26க்கு 19 என்று கட்டங்கள். கட்டங்களுக்கிடையே சுவர்கள், அறைகள், நடைபாதைகள். வீரர்கள் நால்வர்: காட்டு வீரன், குள்ளன், வனத்து எல்ஃப், மந்திரவாதி. ஆளுக்கொருவராக நான்கு பேர் அவர்களை நடத்துவார்கள். ஐந்தாவது ஆள் எதிர்ப்பக்கம். அவர் முன்னால் ஒரு மறைப்பு அட்டை நிற்கும், அதன் பின்னால் அன்றைய பயணத்தின் வரைபடம். எந்த அறையில் எலும்புக்கூடு, எந்தப் பேழையில் பொன், எந்தக் கல்லுக்குக் கீழே பொறி என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வீரர்கள் பார்ப்பது வெறும் பலகை. ஒருவர் கதவைத் திறந்த பிறகுதான் அந்த அறையின் மேசையும் அலுமாரியும் பூதமும் ஒவ்வொன்றாகப் பலகைக்கு வரும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் முழு விளையாட்டும்.

சண்டைக்குத் தனிப் பகடை உண்டு. ஆறு முகங்களில் மூன்றில் மண்டையோடு, இரண்டில் வெள்ளைக் கேடயம், ஒன்றில் கறுப்புக் கேடயம். அடிப்பவருக்கு மண்டையோடு விழவேண்டும். தடுக்கும்போது வீரருக்கு வெள்ளைக் கேடயம், பூதத்துக்குக் கறுப்புக் கேடயம். ஒரு பகடையில் வீரர் தடுக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று, பூதம் தடுக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்று. வீரர்கள் தொகையில் குறைவு என்பதால் கணக்கு அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. எண்களைக் கூட்டத் தெரியாத சிறுபிள்ளைக்கும் விளங்கும் இந்தப் பகடையைப் போல நேர்த்தியான பகடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நிலவறைக்குள் நுழையும் இந்த வகை விளையாட்டின் பிறப்பிடம் அமெரிக்கா. மேசையில் சிறு பொம்மைகளை வைத்துப் பழங்காலப் போர்களை ஆடிக்கொண்டிருந்தவர்களில் டேவ் ஆர்னெசன் என்பவர், படைகளை ஒதுக்கிவிட்டுத் தன் நண்பர்களை ஒரு கோட்டையின் அடியிலுள்ள நிலவறைகளுக்குள் அனுப்பினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து எழுதிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெறும் 1,000 பிரதிகளாக அச்சேறியது. அதை ஆட, கதையை நடத்திச் செல்லும் தேர்ந்த ஒருவர் வேண்டும். ஆர்னெசனின் குழுவில் ஆடிய டேவிட் மெகாரி, அப்படி ஒருவர் இல்லாமலும் ஆடக்கூடியதாக அதைப் பலகைக்கு மாற்றினார். அது 1975இல் வந்தது. மச்சானின் பெட்டியை வடிவமைத்தவர் ஸ்டீபன் பேக்கர், வெளியிட்டது மில்டன் பிராட்லி நிறுவனம்.

இதே மில்டன் பிராட்லிதான் 1943இல் பாம்பும் ஏணியும் விளையாட்டைப் பாம்புக்குப் பதிலாகச் சறுக்குமரம் போட்டு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு விற்றது. பாம்பும் ஏணியும் இங்கிலாந்துக்குப் போனதோ இந்தியாவிலிருந்து. தமிழில் அது பரமபதம். தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க ஆடுவார்கள். அடியில் பிறப்பு, உச்சியில் வைகுண்டம், இடையில் அசுரர் பெயர் தாங்கிய பாம்புகள். ஒரு சிறு காய், நீண்ட பயணம், வழிமறிக்கும் அரக்கர், முடிவில் அடையவேண்டிய ஓரிடம். நிலவறை விளையாட்டின் முதுகெலும்பு இதுதானே!

இனித் தாயக்கட்டையைப் பாருங்கள். நீண்ட இரு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறுமை, ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். இரண்டும் வெறுமையானால் 12. மொத்தம் ஒன்றானால் தாயம், அதற்கு வழி இரண்டே. அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. தாயம் விழாமல் காய் இறங்காது என்பதால் அந்த எட்டில் ஒன்றுக்காக எத்தனை பேர் கட்டையை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கியிருப்பார்கள்! மச்சானின் காட்டு வீரன் மூன்று சண்டைப் பகடை உருட்டுவான். மூன்றில் ஒன்றில்கூட மண்டையோடு விழாமல் அவன் வாளை வீணாக ஓங்கும் வாய்ப்பும் எட்டில் ஒன்றுதான். இந்தக் கணக்கை அவனுக்குச் சொன்னபோது அவன் கட்டைகளை வாங்கி வெகுநேரம் உருட்டிக்கொண்டே இருந்தான்.

மூன்றாவது, நாயும் புலியும். தமிழ்நாட்டில் ஆடுபுலி ஆட்டம் என்பார்கள். அங்கே வழக்கமான ஆட்டத்தில் 23 புள்ளிகள், மூன்று புலி, 15 ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டைக் கொல்லும். ஆடுகள் நெருங்கிநின்று புலியை நகரவிடாமல் மடக்கும். இரு பக்கமும் சமபலம் இல்லாத ஆட்டம் இது. சதுரங்கத்தில் இல்லாத ஒரு பாடம் இதிலே இருக்கிறது: பலவீனர் விலகி நின்றால் சாவு, அணைந்து நின்றால் வெற்றி. இலங்கையின் சிங்களக் கிராமங்களிலும் இதன் உறவான ‘திவியன் கெளிய’ என்ற சிறுத்தை விளையாட்டு இருந்ததை ஹென்றி பார்க்கர் 1909இல் வெளிவந்த தன் பண்டைய இலங்கை நூலில் பதிவு செய்திருக்கிறார். அவர் நீர்ப்பாசன வேலைக்காக ஊர் ஊராகத் திரிந்தவர். ஊரார் கல்லிலும் தரையிலும் கீறி ஆடியதைப் பொறுமையாகக் குறித்துவைத்தார்.

பயணமும் அரக்கரும் பரமபதத்தில், விதியின் உருட்டல் தாயத்தில், சிலருக்கு எதிராகப் பலர் என்பது நாயும் புலியும் ஆட்டத்தில். மூன்றும் நம் திண்ணைகளில் தனித்தனியாகக் கிடந்தன. நம்மிடம் இல்லாதவை இரண்டு. ஒன்று, மூடிய கதவு. பரமபதத்தில் பாம்பு எங்கே இருக்கிறது என்பது முதலிலேயே தெரியும், பயம் உருட்டலில் மட்டும்தான். இரண்டாவது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. நம் ஆட்டத்தில் ஆடுகள் எல்லாவற்றையும் ஒரே கை நகர்த்தும். நிலவறை விளையாட்டு ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு பெயரும் ஒரு மனிதரும் கொடுத்தது. மந்திரவாதி அடிபட்டு விழப்போகிறார் என்றால் குள்ளனாக இருப்பவர் தன் பொன்னை விட்டுவிட்டு ஓடவேண்டும். மச்சானின் ஏக்கம் அந்தப் பிளாஸ்டிக் பொம்மைகளின் மேல் இல்லை என்பது என் துணிபு. தோளோடு தோள் நின்ற மூன்று தோழர்கள் மேல்தான் அந்த ஏக்கம்.

எனக்கும் அப்படி ஒன்று உண்டு. ஊரடங்கு இரவுகளில் அம்மம்மா சீமெந்துத் தரையில் கரிக்கட்டியால் தாயக்கட்டம் கீறுவா. பித்தளைக் கட்டை இல்லாத நாளில், ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகள். குப்பி விளக்கு வெளிச்சத்தில் எங்கள் நிழல் சுவரில் பூதமாக ஆடும். வெளியே என்ன நடக்கிறது என்பதை அந்தக் கட்டங்கள் சிறிது நேரம் மறக்கவைத்தன. எங்களுக்கு நிலவறையைக் கற்பனை செய்யவும் வேண்டியிருக்கவில்லை. 1624இல் போர்த்துக்கீசர் கட்டிய கோட்டை கண்முன்னே நின்றது. அதன் வாசல் நிலையில் இரட்டைக் கயல் செதுக்கிய கல், உள்ளே மான்கள், அப்பால் கோணேசர் கோயில், கோயிலருகே இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு. எந்தப் பெட்டியிலும் இதைவிட நல்ல வரைபடம் வராது.

ஆகவே நாமே ஒன்று செய்யலாம். கடைசி இரவில் நானும் மச்சானும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறிப் பார்த்தோம். கோட்டை வாசலில் தொடக்கம், வெட்டின் அடியில் முடிவு, இடையில் மூடிய அறைகள். வரைபடம் ஒருவர் கையில், மற்றவர்கள் வீரர்கள். நகர்வதற்குத் தாயக்கட்டை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மச்சானின் பெட்டியில் நகர்வதற்கு உருட்டும் இரண்டு சாதாரணப் பகடையின் சராசரி 7, தாயக்கட்டையின் சராசரி 3.75. எனவே நடைபாதைகளைப் பாதி நீளமாகக் கீறவேண்டும். நாங்கள் நீளமாகக் கீறிவிட்டோம், முதல் கதவை எட்டவே நள்ளிரவாகிவிட்டது.

அதோடு ஒரு வேண்டுகோள். தாயமும் நாயும் புலியும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விதி மாறும். எத்தனை காய், எப்போது வெட்டலாம், எதற்கு மறு உருட்டல் என்பதெல்லாம் பெரும்பாலும் எழுத்தில் இல்லை. உங்கள் வீட்டில் ஆடத் தெரிந்த மூத்தவர் ஒருவர் இருந்தால், இந்தக் கிழமையே அவரோடு ஓர் ஆட்டம் ஆடி, அவர் சொல்லும் விதிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.