உங்களுக்குத் தெரியுமா? மணலில் மழை பெய்விக்கும் கேமரா

★ நிஜக் காட்சியோடு கம்ப்யூட்டர் படத்தைச் சேர்த்துக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டி (ஏ.ஆர்.) என்றதும் தலையில் மாட்டும் கண்ணாடிதான் நினைவுக்கு வரும். கண்ணாடி இல்லாமலும் அது நடக்கும். தூரத்தை அளக்கும் கேமரா ஒன்று, புரொஜெக்டர் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று போதும். கேமரா அளக்கும், கம்ப்யூட்டர் கணக்குப் போடும், புரொஜெக்டர் அந்தப் பொருளின் மேலேயே படம் காட்டும்.

★ இதில் பெயர் பெற்றது ‘ஏ.ஆர். சாண்ட்பாக்ஸ்’ என்கிற மணல் பெட்டி. செக் நாட்டு ஆய்வாளர்கள் செய்த முன்மாதிரியைப் பார்த்து, அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆலிவர் கிரேலோஸ் 2012-ல் உருவாக்கினார். மணலைக் குவித்தால் மலை, தோண்டினால் பள்ளத்தாக்கு. உயரத்துக்கு ஏற்ற வண்ணமும் சம உயரக் கோடுகளும் மணலிலேயே வந்து விழும்.

★ மணலுக்கு மேலே சுமார் 2 அடி உயரத்தில் கையை விரித்து நீட்டுங்கள். கைக்குக் கீழே ‘மழை’ பெய்யும்! நீல நிற வெள்ளம் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இது வெறும் கார்ட்டூன் அல்ல. ஆற்று வெள்ளத்தைக் கணிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் செயின்ட்-வெனான்ட் சமன்பாடுகள்தான் இந்தத் தண்ணீரையும் ஓட்டுகின்றன.

★ மணலைக் கிளறும் கையையும் மலை என்று கேமரா எண்ணிவிடாதா? எண்ணாது. நொடிக்கு 30 படங்கள் வருகின்றன. அந்த ஒரு நொடி முழுக்க அசையாமல் இருப்பதை மட்டுமே மென்பொருள் நிலமாக ஏற்கும். அதனால்தான் புதிதாகக் குவித்த மலை நிறம் மாறச் சற்று நேரமாகிறது.

★ மணல் பெட்டியின் ‘கண்’ ஒரு விளையாட்டுச் சாதனம். எக்ஸ்பாக்ஸ் 360-க்காக மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பரில் வெளியிட்ட கைனெக்ட்தான் அது. முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

★ கைனெக்ட் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளிக்கும். பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதற்கேற்பப் புள்ளிகள் இடம் நகரும். அந்த நகர்வுதான் தூரத்தைச் சொல்கிறது. அடுத்த தலைமுறை கைனெக்ட், ஒளி போய்த் திரும்பும் நேரத்தையே அளந்தது. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒளி 30 செ.மீ. கடந்துவிடும் என்றால், அந்த அளவீடு எத்தனை நுட்பம்!

★ கைனெக்ட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் திறந்த மென்பொருளை எழுதுவோருக்கு அடாஃப்ரூட் நிறுவனம் பரிசு அறிவித்தது. தொகை 3,000 டாலர் வரை உயர்ந்தது. சாதனம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் ஸ்பெயினின் ஹெக்டர் மார்ட்டின் அதை எழுதி முடித்தார். ஆய்வுக்கூடங்களுக்குள் கைனெக்ட் நுழைய வழி திறந்தது.

★ எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2013-ல் காட்டிய ‘இன்ஃபார்ம்’ மேசையில் 900 சிறு தூண்கள் மேலும் கீழும் நகரும். தொலைவில் இருப்பவரின் கையைக் கைனெக்ட் பார்க்கும். தூண்கள் அந்தக் கையின் வடிவில் எழுந்து மேசையிலிருக்கும் பந்தை உருட்டும். மைக்ரோசாஃப்டின் ‘ரூம்அலைவ்’ (2014) ஓர் அறையையே விளையாட்டுக் களமாக்கியது.

★ கைனெக்ட்டுக்குத் தொழில்நுட்பம் கொடுத்த இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத்தை 2013-ல் ஆப்பிள் வாங்கியது. 2017-ல் வந்த ஐபோன் டென், 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி உரிமையாளரை அடையாளம் கண்டது.

★ மணல் பெட்டி மென்பொருள் இலவசம். கேமராவையும் புரொஜெக்டரையும் ஒத்துப்போகச் செய்ய, வெள்ளைத்தாள் ஒட்டிக் குறுக்குக்கோடு போட்ட பழைய சி.டி. போதும். கைனெக்ட் உற்பத்தி 2017-ல் நின்றாலும், பயன்படுத்திய கைனெக்ட் இன்னும் கிடைக்கிறது. புவியியல் ஆசிரியர்களே, சம உயரக் கோடு பாடத்தை அடுத்த முறை மணலில் நடத்திப் பாருங்கள்!