சுண்டெலி எப்போது களைத்தது?

திண்டுக்கல் பேகம்பூரில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், படியேறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்று போய் உட்கார்ந்தால், டாக்டர் முதலில் ஈசிஜி எடுப்பார். அதில் ஒன்றும் பிடிபடாவிட்டால், "எதுக்கும் ஒரு டிஎம்டி பார்த்துடலாம் பாய்" என்பார். மார்பில் ஒயர்களை ஒட்டி, ஓடும் பட்டைமேல் நடக்கவிடுகிற டிரெட்மில் சோதனை அது. சியாட்டில் நகரத்து இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963-இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். மணிக்கு 2.7 கிலோமீட்டரில் தொடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏறும், சரிவும் ஏறும். ஒரு கட்டத்தில் பாய் "போதும் சார், மூச்சு வாங்குது" என்பார். பட்டையை நிறுத்திவிடுவார்கள்.

இதே சோதனை ஆய்வகச் சுண்டெலிக்கும் உண்டு. இதயத்துக்கான மருந்தோ மரபணு மாற்றமோ உடலின் தாங்கும் சக்தியைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று பார்க்க அதையும் பட்டையில் ஓடவிடுகிறார்கள். ஆனால் சுண்டெலியால் 'போதும்' என்று சொல்ல முடியாது. இந்தச் சோதனையின் முதல் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கருவி எளிமையானது. மேலே ஒளிபுகும் மூடி, உள்ளே ஓர் எலி மட்டும் ஓடக்கூடிய குறுகிய தடம், அடியில் நகரும் பட்டை. பின்கோடியில் சில உலோகக் கம்பிகள். அவற்றில் மெல்லிய மின்சாரம். பின்தங்கும் எலியின் காலில் அது சுரீரென்று படும். எலி துள்ளி மறுபடி பட்டையில் ஏறும். சில ஆய்வகங்களில் மின்சாரத்துக்குப் பதில் காற்றைப் பீய்ச்சுவதும், தூரிகையால் தள்ளுவதும் உண்டு. முதல் சில நாட்கள் பழக்கிவிட்டு, பிறகுதான் சோதனை. நிமிடத்துக்குப் பத்து மீட்டர் போலத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். தள்ளினாலும் ஏறாமல் ஐந்து அல்லது பத்து நொடி கம்பிமேலேயே உட்கார்ந்துவிட்டால் 'களைத்தது' என்று குறித்து, எலியை வெளியே எடுத்துவிடுகிறார்கள்.

அது உண்மையிலேயே களைத்ததா, பயந்ததா, இல்லை வெறுத்துப்போய் உட்கார்ந்ததா? இதற்குத்தான் தடத்தைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் ஆக்சிஜனை அளக்கிறார்கள். வேகத்தைக் கூட்டியும் ஆக்சிஜன் செலவு கூடாமல் நின்றுவிட்டால், உடல் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். வாலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கடும் உழைப்பில் ஏறும் லாக்டேட் அளவையும் பார்ப்பார்கள். இவை எதுவுமில்லாமல் ஓடிய தூரத்தை மட்டும் காட்டும் ஆய்வை நான் பாதிதான் நம்புவேன்.

இன்னொரு சிக்கல், அறையின் குளிர். இருபது, முப்பது கிராம் எடையுள்ள சுண்டெலியின் இதயம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 500, 600 தடவை துடிக்கிறது. ஓடினால் 700, 800-ஐத் தொடும். நம் துடிப்பு ஓட்டத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். எலியின் துடிப்புக்கு ஏற இடமே கொஞ்சம்தான். இதற்கு ஒரு காரணம், ஆய்வக ஏசி. நமக்கு இதமான 22 டிகிரி, அந்தச் சின்ன உடலுக்குக் குளிர். நாம் மின்விசிறியைத் தட்டிவிடும் 30 டிகிரிதான் அதற்குச் சுகம். அந்தச் சூட்டில் வைத்தால் அதன் துடிப்பு நன்றாகவே இறங்கிவிடும். திண்டுக்கல் பகல் வெப்பம் அதற்கு ஒத்துப்போகும். ஏசி அறையில் அது எப்போதும் உடம்பைச் சூடேற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தேடியவர்களில் ஒருவர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த முத்து பெரியசாமி. தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும், கால்சியத்தைத் திரும்ப இறைத்து உள்ளே சேர்க்க ஒரு பம்பு வேலை செய்கிறது. 31 அமினோ அமிலங்களே கொண்ட சார்கோலிபின் என்ற குட்டிப் புரதம் அந்தப் பம்பில் ஒட்டிக்கொள்ளும். கியர் விழாத ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை முறுக்கியதுபோல, எரிபொருள் எரியும், கால்சியம் நகராது, சூடு கிளம்பும். இதை அவர் குழு 2012-இல் நேச்சர் மெடிசின் இதழில் எழுதியது.

எரிபொருளை வீணடிக்கும் புரதம் கூடினால் எலி சீக்கிரம் களைக்க வேண்டுமே? 2015-இல் வெளியான அவர்களது இன்னொரு ஆய்வில், தசையில் சார்கோலிபினைக் கூட்டிய எலிகள் டிரெட்மில்லில் சாதாரண எலிகளைவிடக் கூடுதல் தூரம் ஓடின. அவற்றின் தசை, ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் திறனைப் பெருக்கிக்கொண்டிருந்தது. 2007-இல் ரிச்சர்ட் ஹான்சன் குழுவினர் உருவாக்கிய எலிகளோ இன்னும் ஒரு படி மேலே. நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் அவை ஐந்து, ஆறு கிலோமீட்டர் வரை ஓடின. சாதாரண எலிகள் 200 மீட்டரிலேயே நின்றுவிட்டன. அங்கும் ஒரே ஒரு நொதியின் மரபணுவைத்தான் கூட்டியிருந்தார்கள். இரண்டு ஆய்விலும் கை வைத்தது கைகால் தசையில், இதயத்தில் இல்லை. ஆக, நிறைய ஓடியது என்பதற்காக இதயம் வலுத்துவிட்டது என்று எழுதிவிட முடியாது. இதயத்தைத் தனியாக எக்கோ எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், விலங்கு நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் இப்படியொரு சோதனையைத் தொடங்க முடியாது. அந்தக் குழுக்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்: ஒவ்வோர் எலியும் எத்தனை முறை கம்பியைத் தொட்டது என்ற கணக்கு. ஓடிய தூரத்துக்குப் பக்கத்திலேயே அதையும் அச்சிட்டால், எலி தன் பலத்தால் ஓடியதா, வலிக்குப் பயந்து ஓடியதா என்று படிப்பவர் எடைபோட்டுக்கொள்வார்.