படத்துக்குப் பின்னால் விளக்கு இருக்கிறதா?

1880. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே ஓர் ஓவியத்துக்காக ஒரு கண்காட்சி. ஜன்னல்களுக்குத் திரை போட்டு அறையை இருட்டாக்கி, படத்தின் மேல் மட்டும் மின்விளக்கு வெளிச்சம் விழவைத்திருந்தார்கள். வாசலில் நீண்ட வரிசை. உள்ளே போன சிலர், விளக்கு ஏதும் ஒளிந்திருக்கிறதோ என்று சட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்களாம்.

அந்தப் படம் ‘நீப்பர் நதியில் நிலவிரவு’. வரைந்தவர், மரியுபோலில் பிறந்த ஆர்கிப் குயிஞ்ஜி.

பெயின்டுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. குழாயில் இருக்கும் வெள்ளைக்கு மேல் வெள்ளை இல்லை. நிலா ஜொலிக்க வேண்டுமானால், மற்றதையெல்லாம் அடக்கி வைக்க வேண்டும். குயிஞ்ஜி கான்வாஸின் பெரும்பகுதியை இருட்டுக்கே கொடுத்துவிட்டார். பளிச்சென்று இருப்பவை நிலாவும், ஆற்றில் நெளியும் ஒளியும்தான். இரண்டிலும் பச்சை கலந்திருக்கிறது. கரையிலோ செம்பழுப்பின் சூடு. அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் பச்சை இன்னும் குளிர்ந்து தெரிகிறது. கரையோரக் குடிசையில் பொட்டு அளவுக்கு ஒரு விளக்கொளி. படத்தின் அச்சுப் பிரதி கிடைத்தால், அந்தப் பொட்டை விரலால் மறைத்துப் பாருங்கள். நிலா கொஞ்சம் சோர்ந்துபோகும்.

இரவுக்கு ஏன் நீலமும் பச்சையும்? அந்தி சாய்ந்ததும் செம்பருத்திச் செடியைக் கவனித்தால் தெரியும்: பூ முதலில் கறுத்துவிடும், இலை சற்று நேரம் துலங்கும். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் விழிச் செல்களுக்குச் சிவப்பு எட்டாது, நீலப்பச்சை எட்டும். இதை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னவர் செக் விஞ்ஞானி புர்கின்யே. பகலில் எடுத்த காட்சியை ராத்திரி என்று நம்பவைக்கப் பழைய சினிமாக்காரர்கள் நீலத்தைப் பூசியதும் வீண்போகவில்லை.

வான்கோ வேறு வழியில் போனார். 1888 செப்டம்பரில் ஆர்ல் நகரத்துக் காபிக் கடை வாசலை வரைந்தபோது, கறுப்பே இல்லாமல் இரவை வரைந்ததாகத் தங்கைக்கு எழுதினார். அங்கே கேஸ் விளக்கின் மஞ்சள்தான் ராஜா. நீல வானம் அதை ஏந்திப் பிடிக்கிறது. எனக்கென்னவோ குயிஞ்ஜியின் அடக்கம்தான் ஒரு படி மேல்.

அவருடைய நிலவுக்கு ஆயுள் குறைவாகிவிட்டது. படத்தை வாங்கிய ரஷ்ய அரச குடும்பத்தவர் கான்ஸ்டன்டின் கான்ஸ்டன்டினோவிச், அதைக் கடல் பயணத்துக்கும் கூடவே எடுத்துப் போனார். எழுத்தாளர் துர்கனேவ் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஈரக் காற்றில் வண்ணங்கள் கறுத்தன. பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இன்று தொங்குவது, அந்த வரிசையில் நின்றவர்கள் பார்த்ததைவிட இருண்ட இரவு.