மாத்திரை உடலுக்குள் எங்கே போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



தலைவலி வந்தால் ஒரு மாத்திரை போடுகிறோம். வலி தலையில், மாத்திரை போவதோ வயிற்றுக்கு. தலை எங்கே இருக்கிறது என்று அந்த மாத்திரைக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகிறது. அப்படியானால் எந்த உறுப்பில், எந்த நேரத்தில், எவ்வளவு மருந்து இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். அதற்கு உதவுவதுதான் உடலியல் சார்ந்த மருந்தியக்க மாதிரி. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரத்த ஓட்டப் பாடமும் பெருக்கல் கணக்கும் தெரிந்தால் போதும்.

தொட்டிகளும் குழாய்களும்

ஒவ்வோர் உறுப்பையும் ஒரு தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். இரத்தக் குழாய்கள் அவற்றை இணைக்கின்றன. இதயம்தான் பம்பு. ஒவ்வொரு தொட்டிக்கும் முக்கியமாக நான்கு விவரம் தேவை.

1. தொட்டி எவ்வளவு பெரியது?
2. நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் வந்து போகிறது?
3. அந்த மருந்து அங்கே எவ்வளவு ஒட்டிக்கொள்ளும்? கொழுப்பில் கரையும் மருந்து கொழுப்புத் திசுவில் அதிகமாகத் தங்கும்.
4. அங்கே மருந்து சிதைக்கப்படுகிறதா, வெளியேற்றப்படுகிறதா?

ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. அதில் ஏறக்குறைய கால் பங்கு கல்லீரலுக்கும், ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கும் போகிறது.

ஒரு சின்னக் கணக்கு

கல்லீரலுக்கு நிமிடத்துக்கு 1.25 லிட்டர் இரத்தம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் இரத்தத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து. வெளியே போகும்போது 8 மில்லிகிராம்.

நீக்கப்பட்டது = 1.25 × (10 − 8) = நிமிடத்துக்கு 2.5 மில்லிகிராம்.

சரி, இப்போ அதே கல்லீரலில் நொதிகள் மந்தமாக வேலை செய்கின்றன. வெளியே போகும் இரத்தத்தில் 9.8 மில்லிகிராம் இருக்கிறது. அப்போது 1.25 × 0.2 = 0.25 மில்லிகிராம் மட்டுமே. இரத்த ஓட்டம் கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் மருந்து நீங்கும் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. இந்த இடத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் கணக்குதானா?

இல்லை. 1950களின் பிற்பகுதியில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நோய்த்தொற்று வராமல் தடுக்க குளோராம்பெனிகோல் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சில நாள்களில் சில குழந்தைகளுக்கு வயிறு உப்பியது, தோல் சாம்பல் நிறமானது, இரத்த ஓட்டம் தளர்ந்தது. பல குழந்தைகள் இறந்தன. 1959இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மருத்துவர்கள் இதை ஆய்ந்து எழுதினார்கள். இன்றும் மருத்துவ நூல்கள் இதைச் ‘சாம்பல் குழந்தை’ நோய்க்குறி என்று குறிப்பிடுகின்றன.

காரணம் என்ன? இந்த மருந்தைக் கல்லீரல் நொதி ஒன்று நீரில் எளிதாகக் கரையும் பொருளாக மாற்ற வேண்டும். பிறகு சிறுநீரகம் அதை வெளியேற்றும். பிறந்த குழந்தைக்கு அந்த நொதியும் முதிரவில்லை, சிறுநீரக வடிகட்டலும் முதிரவில்லை. இத்தனைக்கும், உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் கல்லீரல் பெரியவரின் கல்லீரலைவிடப் பெரியது! தொட்டி பெரிதாக இருந்து என்ன பயன், வேலை செய்ய நொதி வேண்டாமா?

பெரியவர் உடலில் இம்மருந்து பாதியாகக் குறையச் சுமார் 4 மணி நேரம் ஆகும். பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகலாம். எடைக்கேற்ற ஒரு வேளை மருந்தை 100 பங்கு என்று கொள்வோம். 6 மணிக்கு ஒரு முறை கொடுத்தால், அடுத்த வேளை வரும்போது பெரியவரில் சுமார் 35 பங்கு மிஞ்சும். குழந்தையில் சுமார் 84 பங்கு மிஞ்சும். நான்காவது வேளை கொடுத்ததும் பெரியவர் உடலில் சுமார் 150 பங்கு, குழந்தை உடலில் 310 பங்குக்கு மேல். எடையை மட்டும் பார்த்து அளவைக் குறைத்தால் போதாது என்பது இப்போது புரிகிறது, இல்லையா?

மாதிரி எங்கே உதவுகிறது?

சுவீடன் நாட்டு அறிவியலாளர் தோர்ஸ்டன் தியோரெல் 1937லேயே மருந்தின் பயணத்தை உடலின் பகுதிகளாகப் பிரித்துச் சமன்பாடுகள் எழுதினார். உறுப்புகள் கூடக் கூடச் சமன்பாடுகளும் கூடும்; கையால் தீர்ப்பது பெரும்பாடு. கணினி வந்த பிறகுதான் இந்த முறை வேகம் பிடித்தது.

இன்று பெரியவருக்கான மாதிரியை எடுத்து, உறுப்பின் அளவு, இரத்த ஓட்டம், நொதியின் முதிர்ச்சி, சிறுநீரகத் திறன் ஆகியவற்றைக் குழந்தைக்கு ஏற்ப மாற்றுகிறார்கள். குழந்தைக்கு முதல் வேளை மருந்து கொடுப்பதற்கு முன்பே, எந்த அளவு ஆபத்தாகலாம் என்று கணிக்கிறார்கள். கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள், ஒரே நேரத்தில் இரண்டு மருந்து உண்பவர்கள் என்று பலருக்கும் இது பயன்படும். இப்படிப்பட்ட கணிப்புகளை எப்படித் தர வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் 2018இல் வழிகாட்டிகளும் வெளியிட்டன.

ஆனால் ஒன்று: உள்ளே கொடுக்கும் எண் தவறானால் விடையும் தவறும். எனவே கணிப்பை உண்மையான இரத்தப் பரிசோதனை முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

மாணவர்களுக்கு

“குழந்தைக்கு ஏன் மருந்தின் அளவு மாறுகிறது?” என்று கேட்டால், “உடல் சிறியது” என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். நொதி, சிறுநீரக வடிகட்டல், உடலின் நீர் அளவு ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். பிறந்த குழந்தையின் எடையில் சுமார் 75 விழுக்காடு நீர்; பெரியவரில் சுமார் 60 விழுக்காடு.

பயிற்சி

1. சிறுநீரகங்களுக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் இரத்தம் போகிறது. உள்ளே வரும்போது லிட்டருக்கு 6 மில்லிகிராம், வெளியே போகும்போது 4.5 மில்லிகிராம். நிமிடத்துக்கு எவ்வளவு மருந்து நீங்குகிறது? (விடை: 1.5 மில்லிகிராம்)

2. ஒரு முதியவரின் சிறுநீரகத் திறன் பாதியாகக் குறைந்துள்ளது. மேலே சொன்ன நான்கு விவரங்களில் எது நேரடியாக மாறும்? சிறுநீரகம் வழியே மட்டும் வெளியேறும் மருந்தை அவருக்கு வழக்கமான இடைவெளியிலேயே கொடுத்தால் என்ன ஆகும்?

ஆசிரியர்களே, இரண்டாம் கேள்வியைக் குழுவாகப் பேச விடுங்கள். 35, 84 என்று மேலே போட்ட கணக்கைப் பிள்ளைகளே வெண்பலகையில் மறுபடி போட்டுப் பார்த்தால், விடை தானாகவே வந்துவிடும்.