மேடைக்கு வரும் மின்சாரம்: பிளக்கையும் கொஞ்சம் பாருங்கள்



சங்க ஆண்டு விழா, மே 5 வணிகர் தின நிகழ்ச்சி, கோயில் கொடையில் நம் மண்டகப்படிக்கு ஒரு கச்சேரி என்று வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது மேடை போடாத வணிகர் சங்கம் இருக்காது. வரவேற்பு, சாப்பாடு, நன்கொடை வசூல் என்றால் பொறுப்பேற்க ஆள் கிடைக்கும். மேடை, ஒலி, ஒளி என்றால் மட்டும் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் அந்தப் பொறுப்பு பதினைந்து வருடமாக என்னிடம் இருக்கிறது. நான் பருப்பும் மிளகாய் வற்றலும் மொத்தமாக விற்பவன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. மின்சாரத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு சம்பவம்தான் தகுதி.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆண்டு விழா அன்று மாலையில் தூறல் போட்டது. மின்வாரியக் கம்பத்திலிருந்து தற்காலிக இணைப்பு எடுத்து, மேடைக்கு அடியில் ஒரு பலகையில் நாலைந்து சாக்கெட்டுகளை அடித்து வைத்திருந்தார்கள். பாதி வயர்களுக்குப் பிளக்கே கிடையாது. நுனியைச் சீவி, சாக்கெட்டுக்குள் விட்டு, தீக்குச்சியைச் சொருகி இறுக்கியிருந்தார்கள். நம் கடைகளிலும் இதைச் செய்யாதவர் யார்? மைக் செட்டில் வேலை பார்த்த பையன், பத்தொன்பது வயது இருக்கும், ஈரத் தரையில் நின்றுகொண்டு மேடையின் இரும்புக் காலைப் பிடித்தான். பிடித்த கை வரவில்லை. யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்ததால் பிழைத்தான். உள்ளங்கை வெந்துவிட்டது.

பிறகு பார்த்தால், தீக்குச்சி நழுவி ஒரு ஃபேஸ் வயர் இரும்புச் சட்டத்தில் கிடந்தது. சட்டத்துக்கு எர்த் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவைச் சங்கம் கொடுத்தது. ஆனால் ஒன்றை நான் மறைக்கக் கூடாது. அந்த மைக் செட்காரர் முதலில் சொன்ன தொகையில் இரண்டாயிரம் ரூபாயைப் பேசிக் குறைத்தவன் நான்தான். குறைத்த காசுக்கு அவர் எதைக் குறைத்தார் என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகுதான் இதைத் தெரிந்த ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வாட்ஸை வோல்டேஜால் வகுத்தால் ஆம்பியர். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வீட்டில் 'பவர் பிளக்' என்று நாம் சொல்லும் பெரிய மூன்று பின் பிளக் 16 ஆம்பியர், அதாவது 3,680 வாட்ஸ் தாங்கும். ஆயிரம் வாட்ஸ் விளக்கு மூன்று போடலாம். நான்காவதைப் போட்டால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். நாலு மூட்டை ஏற்றும் வண்டியில் ஐந்து மூட்டை ஏற்றினால் அச்சு முறியும் சத்தமாவது கேட்கும். பிளக் சத்தம் போடாது, சூடேறும். அதுவும் பின் தளர்ந்து, துரு ஏறி, முழுப் பரப்பும் ஒட்டாமல் இருந்தால் குறைந்த லோடிலேயே சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். மேடையில் தீப்பிடித்தது என்றால் அநேகமாக வயரின் நடுவில் பிடித்திருக்காது, இணைப்பில்தான் பிடித்திருக்கும்.

இந்த உருண்டைப் பின் பவர் பிளக்கை மட்டமாக எண்ண வேண்டாம். இது வெள்ளைக்காரன் விட்டுப்போன 15 ஆம்பியர் பிளக்கின் வாரிசு. பிரிட்டனில் வீடுகளுக்கெல்லாம் சதுரப் பின் 13 ஆம்பியர் பிளக் வந்துவிட்ட பிறகும், நாடகக் கொட்டகை விளக்குகளுக்கு மட்டும் பழைய உருண்டைப் பின்னையே வைத்துக்கொண்டார்கள். சதுரப் பின் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கும். இருபது அடி உயரத்தில் தொங்கும் விளக்கின் பிளக்கில் ஃபியூஸ் போனால், நாடகத்தின் நடுவில் யார் ஏணி வைத்து ஏறுவது? ஆகவே ஒற்றை விளக்குக்கு நம் பவர் பிளக் போதும். பிளக் முழுசாக, மூன்று பின்னோடு, மழை படாத இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேடை முழுவதற்கும் மின்சாரம் கொண்டுவர அது ஆகாது.

அதற்கு உள்ளது தொழிற்சாலைகளில் பார்க்கும் கனமான உருண்டை பிளக். 'இண்டஸ்ட்ரியல் பிளக்' என்று கேட்டால் எலக்ட்ரிகல் கடையில் எடுத்துத் தருவார்கள். நீலம் என்றால் 230 வோல்ட், சிங்கிள் ஃபேஸ். சிவப்பு என்றால் 400 வோல்ட், த்ரீ ஃபேஸ். 16, 32, 63, 125 ஆம்பியர் என்று அளவுகள் உண்டு. எர்த் பின் மற்றவற்றைவிடத் தடிமனாக இருப்பதால் திருப்பிச் செருக முடியாது. 32 ஆம்பியர் பிளக் 16 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. செருகும்போது எர்த் முதலில் ஒட்டும், கழற்றும்போது கடைசியில் விடும். மூடியிலுள்ள கொக்கி பிளக்கைப் பிடித்துக்கொள்வதால் யாராவது வயரில் கால் இடறினாலும் கழன்று வராது. நம் ஆட்கள் தப்பாகச் செருகப் பார்த்தாலும் அது இடம் கொடுப்பதில்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

32 ஆம்பியர் சிவப்பு பிளக் ஒன்று மூன்று ஃபேஸிலும் சேர்த்து 22 கிலோவாட் தரும். ஒலிபெருக்கி, எல்.இ.டி. விளக்குகள், மின்விசிறிகள் என்று நம் சங்க விழா மேடைக்கு இது பெரும்பாலும் தாராளம். பெரிய திரையும் ஏர் கூலரும் சேர்ந்தால் 63 ஆம்பியர் கேளுங்கள். சினிமா இசை நிகழ்ச்சி அளவுக்குப் போனால் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி பிளக் வைத்த 400 ஆம்பியர் இணைப்புகள் உண்டு. அவற்றை முதலில் எர்த், அடுத்து நியூட்ரல், பிறகு ஃபேஸ் என்ற வரிசையில் மாட்ட வேண்டும். அது லைசென்ஸ் உள்ளவர் வேலை. நாம் பக்கத்தில் நிற்கவே கூடாது.

இனி நான் சொல்வதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். சிவப்பு பிளக்கில் நான்கு பின் ஒன்று, ஐந்து பின் ஒன்று என இரண்டு வகை. நான்கு பின்னில் மூன்று ஃபேஸும் எர்த்தும் மட்டும். எண்ணெய்ச் செக்கு மோட்டாருக்கும் மாவு மில் மோட்டாருக்கும் அது போதும், அவற்றுக்கு நியூட்ரல் தேவையில்லை. மேடையில் ஓடுவதெல்லாம் 230 வோல்ட் சாமான்கள், நியூட்ரல் இல்லாமல் அவை ஓடாது. ஆகவே ஐந்து பின்தான் வேண்டும். ஆனால் வாடகைக்காரரிடம் நான்கு பின் கைவசம் இருந்தால் என்ன செய்வார்? எர்த் பின்னில் நியூட்ரலைக் கொடுத்துவிட்டு எர்த்தை விட்டுவிடுவார், அல்லது நியூட்ரலைத் தனி வயராக வெளியே இழுத்து முறுக்கி டேப் சுற்றிவிடுவார்.

அந்த முறுக்கு நழுவினால் விளக்கு அணையும், அவ்வளவுதானே என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியல்ல. நியூட்ரல் விட்டுப்போனால் மூன்று ஃபேஸில் உள்ள சாமான்களும் ஒன்றோடொன்று தொடராகச் சேர்ந்து 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. லோடு அதிகமுள்ள பக்கம் வோல்டேஜ் இறங்கும், லோடு குறைந்த பக்கம் 300, அதற்கும் மேல் என்று ஏறும். மேடையில் லோடு குறைந்த ஃபேஸில் எதைப் போட்டிருப்பார்கள்? இரைச்சல் வராமலிருக்க ஒலிக் கருவிகளைத்தான் தனியாகப் போட்டிருப்பார்கள். ஆம்ப்ளிஃபயர், மிக்சர், கீபோர்டு எல்லாம் சில நொடிகளில் போய்விடும். பாட்டுக்காரர் நஷ்டஈடு கேட்டால் அது நம் சங்கக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

எர்த் இல்லாவிட்டால் நஷ்டம் அதைவிடப் பெரிது. 1972இல் பிரிட்டனில் ஸ்வான்ஸி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரை விட்டார். பேசுகிறவர் மைக்கைப் பிடிக்காமல் எந்தக் கூட்டமும் நடப்பதில்லை. நம் தலைவர்கள் கையை எடுக்கவே மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் பிளக்குக்குப் பின்னால் உள்ள பெட்டியில் எம்.சி.பி. மட்டும் இருந்தால் போதாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். மின்சாரம் மனிதன் வழியாகத் தரைக்குக் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவனை அது காப்பாற்றாது என்பதும் தெரிந்திருக்கட்டும். எல்.இ.டி. விளக்குகள் ஒவ்வொன்றும் எர்த்துக்குக் கொஞ்சம் கசிய விடும். முப்பது விளக்கை ஒரே ஆர்.சி.சி.பி.யில் போட்டால் அது அடிக்கடி விழும். உடனே அதை நேராக இணைத்துவிடுவார்கள். பிரித்து மூன்று நான்காகப் போடச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் என்றால் அதன் நியூட்ரலும் உடலும் எர்த் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கசிவு இருந்தும் ஆர்.சி.சி.பி. விழாமல் போகலாம்.

இப்போதைய எல்.இ.டி. விளக்குகளில் நீல நிறத்தில் திருகிப் பூட்டும் சின்ன பிளக் பார்த்திருப்பீர்கள். 'பவர்கான்' என்பார்கள். நியூட்ரிக் நிறுவனம் கொண்டுவந்தது. நீலத்தில் மின்சாரம் உள்ளே வரும், சாம்பல் நிறத்தில் அடுத்த விளக்குக்கு வெளியே போகும். நல்ல சாமான்தான். ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது இந்தப் பழைய வகையைக் கழற்றக் கூடாது, முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். 'ட்ரூ ஒன்' என்ற பிந்தைய வகையை லோடோடு கழற்றலாம். ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்துக்கொண்டே போவதால், முதல் பிளக் கடைசி விளக்கு வரையுள்ள மொத்தச் சுமையையும் தாங்குகிறது என்பதை ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்.

வயர் கனமும் பிளக்குக்கு ஏற்றபடி வேண்டும். 16 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், 32க்கு 6, 63க்கு 16 என்பது மேடை வேலையில் பொதுவாக உள்ள வழக்கம். ரீலில் சுற்றிய வயரை முழுதும் பிரித்துவிட வேண்டும். பாதியைச் சுற்றியபடியே விட்டால் உள்ளுக்குள் வெந்துவிடும்.

இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயர் ஒன்றைச் சிலர் வைத்திருப்பார்கள். ஜெனரேட்டரிலிருந்து சுவர் சாக்கெட்டுக்குத் திருப்பி மின்சாரம் கொடுப்பதற்காம். ஒரு முனையைச் செருகினால் மறுமுனையின் பின்கள் வெறுமனே 230 வோல்ட்டோடு கையில் இருக்கும். எங்கள் விழாவில் இதைக் கண்டால் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் மறு பேச்சு.

இப்போது கொட்டேஷன் வாங்கும்போது மொத்தத் தொகைக்கு முன் நான் கேட்பது இவைதான். மெயினிலிருந்து மேடைக்கு என்ன பிளக்கில் வருகிறீர்கள், ஐந்து பின்னா, எத்தனை ஆம்பியர், ஆர்.சி.சி.பி. எத்தனை, மேடை இரும்புக்கு எர்த் எங்கிருந்து. பதில் தெரிந்தவர் உடனே சொல்வார், பெட்டியையும் கொண்டுவந்து காட்டுவார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி" என்கிறவரிடம் நான் விலையே பேசுவதில்லை. போன விழாவில் இரண்டு கொட்டேஷனுக்கு இடையே நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். பொருளாளர் முகம் சுளித்தார். கூடுதலாகக் கேட்டவரைத்தான் அமர்த்தினோம். விழா நடுவில் மழையும் வந்தது. அந்தப் பையன் இப்போது சொந்தமாக மைக் செட் வைத்திருக்கிறான். அன்றைக்கு மேடை போட்டவன் அவன்தான்.